கேல் கீரையும் அதன் குடியானவர்களும்

சென்ற பத்துப் பதினைந்து வருஷ காலமாக மேனாடுகளில் ஒரு கீரைக்கு ஏற்பட்டிருக்கும் மதிப்பைப்பற்றி நமது நேயர்களிற் பலர் கேள்வியுற்றிருப்பார்கள். கேல் என்பது அதன் பெயர். பெருநகரங்களில் குளிரூட்டிய அலமாரிகளில் அதைக் கட்டுக்கட்டாக அடுக்கி, மற்றக் கீரைகளைக் காட்டிலும் பன்மடங்கு விலைக்கு விற்கிறார்கள். உலர்த்திப் பொடியாக்கி டப்பியில் அடைத்துச் சர்வரோக நிவாரணிபோல் விளம்பரமும் செய்கிறார்கள். அவ்விளம்பரங்கள் நமது தேசத்துப் பட்டணங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டன. கீரையைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. அது நல்ல கீரையே. ஆனால் இத்தனை நூற்றாண்டுகளாக அதைப் பயிரிட்டுக் காத்து வந்தவர்கள் யார், அவர்கள் அதை எவ்விதம் சமைத்து உண்டார்கள் என்ற விவரத்தை மறைத்துவிட்டு, நேற்றுக் கண்டெடுத்த அற்புதச் சரக்கைப்போல் அதை விற்பது நமக்குச் சம்மதமில்லை. ஏழைக் குடியானவனின் கொல்லைப் பயிருக்குப் புது விலை வைத்து, அதைச் சமைக்கும் வகையறியாதவர்களிடம் கொடுப்பதால், வாங்குகிறவர்களுக்கும் பயனில்லை, பயிரிட்டவர்களுக்கும் பெருமையில்லை.

கேல் என்பது ஒரே கீரையன்று என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். முட்டைக்கோஸ், காலிபிளவர், நூல்கோல், புரோக்கோலி ஆகிய இவை யாவும் தாவர சாஸ்திரப்படி ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இலைகள் ஒன்றன்மேலொன்றாக மூடி உருண்டு போனால் அது முட்டைக்கோஸ். அவ்விதம் மூடாமல் இலைகள் தனித்தனியே விரிந்து நின்றால் அது கேல். காட்டுச் செடியின் சாயலை அதிகமாக விடாமலிருப்பது இதுவே. கிரேக்க தேசத்தைச் சூழ்ந்த ஈஜியன் கடற்கரைகளில் வளரும் ஒரு காட்டுச் செடியே இவ்வினத்துக்கு மிக நெருங்கிய உறவு என்று 2021-ம் வருஷத்தில் வெளியான மரபணு ஆராய்ச்சியொன்று கூறுகிறது. கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலேயே தியோபிராஸ்டஸ் என்ற கிரேக்க அறிஞர் சுருட்டை இலையும் வழவழப்பான இலையும் என்று இதை வேறு பிரித்து எழுதியிருக்கிறார். தமிழில் இதைப் பரட்டைக்கீரை என்று சிலர் வழங்கத் தொடங்கியிருக்கிறார்கள். பெயர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சுருட்டை வகை ஒன்றுக்கே அது பொருந்தும். மற்ற வகைகளின் இலை பரட்டையல்ல. ஆகையால் கேல் என்றே நாம் எழுதுகிறோம்.

சுருட்டைக் கேலின் தாயகமென்று சொல்லத் தக்கவை ஸ்காட்லாந்து, வட ஜெர்மனி, ஹாலந்து ஆகிய குளிர்ப் பிரதேசங்கள். ஸ்காட்லாந்தின் தாழ்நிலக் குடியானவர்களுக்கு இது எவ்வளவு முக்கியமாயிருந்ததென்றால், 'கெயில்' என்ற சொல்லே அவர்கள் பாஷையில் சாப்பாடு என்ற பொருளையும் பெற்றுவிட்டது. வீட்டுக் கொல்லைக்குக் 'கெயில்யார்டு', அதாவது கேல் தோட்டம், என்றே பெயர். நமது ஜனங்கள் 'சோறு தின்றாயா?' என்று கேட்பதில் சோறு எந்த ஸ்தானத்தில் நிற்கிறதோ, அந்த ஸ்தானத்தில் அங்கே இந்த இலை நின்றது. பார்லியோ ஓட்ஸ் மாவோ இட்டுக் கொதிக்கும் கஞ்சியில் நறுக்கிய இலையைப் போட்டு நெடுநேரம் வேகவிடுவதே அவர்களுடைய முறை. மாமிசம் கிடைத்த நாளில் அதுவும் சேரும். கிடைக்காத நாட்களே அதிகம்.

சுருட்டை இலையின் நடுநரம்பு முரடானது. அதை உருவி எறிந்துவிட்டு இலையை மாத்திரம் உபயோகிக்க வேண்டும். மடிப்புகளில் மணலும் பூச்சியும் தங்குமாகையால், உப்பு நீரில் அமிழ்த்தி இரண்டு மூன்று தடவை அலசுவது அவசியம். பனி விழுந்தபிறகே இதைப் பறிக்கவேண்டுமென்று வட ஜெர்மானியர் சொல்வது வெறும் நம்பிக்கையன்று. குளிரில் செடி வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு இலைகளில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கிறது. கசப்பும் சற்று அடங்குகிறது. ஓல்டன்பர்க், பிரேமன் ஆகிய பக்கங்களில் குளிர்காலத்தில் நண்பர்கள் கூட்டமாக நடந்து சென்று, வழியிலுள்ள சத்திரத்தில், கொழுப்பும் ஓட்ஸும் சேர்த்துப் பல மணி நேரம் வெந்த இந்தக் கீரையைத் தொத்திறைச்சியுடன் உண்பது ஒரு திருவிழாவாகவே நடந்து வருகிறது. ஓல்டன்பர்க் நகரத்தார் 1956-ம் வருஷம் முதல் தலைநகருக்குச் சென்று ராஜதந்திரிகளுக்கு இந்த விருந்தளித்து, அவர்களில் ஒருவரைக் 'கேல் அரசர்' என்று தேர்ந்தெடுத்து வருகிறார்கள். தங்கள் கொல்லைக் கீரையின்பொருட்டு மந்திரிகளையே மேஜையண்டை உட்கார வைக்கும் சாமர்த்தியத்தை நாம் மெச்சுகிறோம். ஹாலந்துக்காரர்கள் இதை உருளைக்கிழங்குடன் சேர்த்து வேகவைத்து மசித்துவிடுகிறார்கள். அதுவும் குளிர்காலத்துக்கு நல்ல உணவே.

பிரிட்டனில் இந்தக் கீரை அபகீர்த்தியடைந்த கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1939-ல் யுத்தம் மூண்டவுடன், அந்நாட்டுச் சர்க்கார் ஜனங்களைத் தத்தம் வீட்டு நிலத்தில் காய்கறி பயிரிடும்படி தூண்டினார்கள். 1940 ஜனவரியில் தொடங்கிய உணவுப் பங்கீடு 1954 வரையில் நீடித்தது. பனியிலும் அழியாத பயிராகையால், குளிர்காலத்துக்குக் கேல் பெரிதும் சிபார்சு செய்யப்பட்டது. அதைச் சமைக்கும் பொறுமையும், சேர்ப்பதற்குக் கொழுப்பும் அப்போது யாரிடம் இருந்தன? வெறும் நீரில் வேகவைத்துப் பிழிந்து தட்டில் போட்டார்கள். அதைத் தின்று வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களானபின் அதன் பெயரையும் கேட்க விரும்பவில்லை. பங்கீட்டின் கசப்பையும் சமையலின் குறையையும் சேர்த்துக் கீரையின் தலையில் சுமத்தினார்கள் என்பது நமது அபிப்பிராயம். குளிர்காலப் பயிர் தீர்ந்து கோடைப் பயிர் வருவதற்குள் உள்ள பஞ்ச மாதங்களை அந்நாட்டார் 'பசி இடைவெளி' என்பார்கள். அந்தப் பெயரையே தாங்கிய ஒரு கேல் வகை இன்றும் அங்கே விதைக்கப்படுகிறது. சஞ்சீவியென்று விளம்பரம் செய்யும் வியாபாரிகள் இந்தப் பெயரைப் பொட்டலத்தின்மேல் போடுவதில்லை.

போர்ச்சுகல் தேசத்தின் வடபகுதியான மின்ஹோவில் வேறொரு வகை உண்டு. நெட்டையான தண்டில் அகன்ற வழவழப்பான இலைகள் விடும். கீழிருந்து இலைகளைப் பறித்துக்கொண்டே வர, செடி உயர்ந்துகொண்டே போகும். 'கால்து வெர்தி', அதாவது பச்சைச் சாறு, என்ற அவர்களுடைய கஞ்சி இந்த இலையைக்கொண்டு செய்யப்படுவது. செய்யும் விதம் மிகவும் சுலபம். உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு மூன்றையும் உப்பிட்டு நீரில் குழைய வேகவைத்து மசித்துக்கொள்ள வேண்டும். இலைகளை ஒன்றன்மேலொன்றாக வைத்து, வெற்றிலைச் சுருளைப்போல் இறுகச் சுருட்டி, மயிரிழையாக அரிந்துகொள்ள வேண்டும். காரியமெல்லாம் இந்த அரிதலில்தான் இருக்கிறது. அரிந்த இலையைக் கொதிக்கும் கஞ்சியில் கடைசியில் போட்டுச் சில நிமிஷங்களே வேகவிட்டு, ஆலிவ் எண்ணெயைச் சிறிது ஊற்றி இறக்கிவிடுவார்கள். தொத்திறைச்சித் துண்டு ஒன்றிரண்டு மிதப்பதுண்டு. அது இல்லாமற்போனாலும் குறைவில்லை. சோள ரொட்டியுடன் இதை உண்பார்கள். முரட்டு இலையும் மெல்லிதாக அரிந்தால் விரைவில் வேகும் என்பதையும், விரைவில் வெந்தால் பச்சை நிறம் மாறாது என்பதையும் அவர்கள் சாஸ்திரம் படித்துக் கற்கவில்லை.

இத்தாலியில் டஸ்கனிப் பிரதேசத்தார் 'கருங்கோஸ்' என்று பொருள்படும் பெயரால் அழைக்கும் கேல், ஏறக்குறையக் கருநீலம் பாய்ந்த, நீண்டு குறுகிய, மேடுபள்ளமான இலையையுடையது. நமது ருசிக்கு எல்லாக் கேல்களிலும் இதுவே உயர்ந்தது. 'ரிபொல்லீத்தா' என்று அவர்கள் செய்யும் குழம்புக்கு 'மறுபடி கொதித்தது' என்று அர்த்தம். வெள்ளை அவரைப் பருப்பு, வெங்காயம், காரட், இந்த இலை, இவற்றோடு காய்ந்துபோன ரொட்டித் துண்டுகள் யாவும் ஒரு பானையில் வெந்து, மறுநாள் மறுபடியும் கொதிக்கவைக்கப்படும். பழையதின் அருமையை அறிந்த நமது நேயர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மிஞ்சியதை எறியக் கூடாத வீட்டில் பிறந்த பக்குவம் இது. இன்று ரோமாபுரியிலும் லண்டனிலும் உயர்ந்த போஜன சாலைகளில் விலை கூறி விற்கப்படுகிறது!

சிவப்புத் தண்டும் கீறலான இலையுமுடைய 'சிவப்பு ருஷ்யக் கேல்' என்ற ஒன்றும் கடைகளில் காணப்படுகிறது. அது உண்மையில் கேல் இனமே அன்று. எண்ணெய் வித்தான ரேப் செடியின் இனத்தைச் சேர்ந்தது. இலை மிருது. அதை எண்ணெயில் இரண்டு நிமிஷம் வதக்கினால் போதும். சுருட்டைக் கேலைப்போல் மணிக்கணக்கில் வேகவைத்தால் கூழாகிவிடும்.

அமெரிக்கா விஷயத்துக்கு வருவோம். ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் காலர்டு என்று வழங்கும் அகன்ற இலைக் கேல், அடிமைகளாக்கப்பட்ட நீக்ரோவர்களின் கையால் நிலைத்த உணவு. ஆப்பிரிக்காவிலிருந்து கீரை சமைக்கும் பழக்கத்தை அவர்கள் மறக்காமல் கொண்டுவந்தார்கள். எஜமானர் வீட்டில் தள்ளுபடியான இறைச்சித் துண்டைப் போட்டு, இலையை நெடுநேரம் கொதிக்கவைத்து, இலையோடு அந்தச் சாற்றையும் வீணாக்காமல் குடித்தார்கள். சத்தில் பெரும்பகுதி நீரில் இறங்கிவிடுவதால் அந்தச் சாறு மிகவும் விசேஷமானது. 1931-ம் வருஷத்தில், சோள ரொட்டியை அந்தச் சாற்றில் தோய்த்துத் தின்பது முறையா, உதிர்த்துப் போட்டுத் தின்பது முறையா என்பதைப்பற்றி அட்லாண்டாவின் 'கான்ஸ்டிடியூஷன்' பத்திரிகைக்கும் லூயிசியானா கவர்னர் ஹ்யூயி லாங்குக்கும் பெரிய வாக்குவாதம் மூண்டு, நாடு முழுவதும் நகைத்தது. வேலையற்றோர் பெருகி நின்ற அந்த வருஷத்தில் பத்திரிகாசிரியர்களுக்கு இதுவும் வேண்டியிருந்தது போலும். தோய்ப்பதா உதிர்ப்பதா என்ற சண்டையில் முன்னின்றவர்கள் வெள்ளையர். பக்குவத்தை நிலைநாட்டியவர்களின் அபிப்பிராயத்தை ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சுருட்டைக் கேலோ அமெரிக்காவில் நெடுங்காலம் உணவகத் தட்டுகளுக்கு அலங்காரப் புல்லாகவே இருந்தது. சர்க்காரின் வியவசாயக் கணக்குப்படி 2007-ம் வருஷத்தில் அந்தத் தேசம் முழுவதும் 954 பண்ணைகளே கேல் அறுவடை செய்தன. 2012-ல் அத்தொகை 2,500-ஐ எட்டிவிட்டது. ஐந்து வருஷத்தில் இலையின் குணம் மாறிவிடவில்லை. மாறியது விளம்பரம். ஐரோப்பாவில் 2007-ல் அமலுக்கு வந்த சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற குறிப்பான பலனை எடுத்துரைக்காமல், 'அதி உணவு' என்பதுபோன்ற பொதுவான பட்டங்களைச் சரக்கின்மேல் போடக்கூடாது. அது நியாயமான சட்டம்.

இனி, பலனைப்பற்றி வைத்திய சாஸ்திரம் கூறுவதையும் பார்ப்போம். 'சி' வைட்டமின் இதில் நிறைய உண்டு. 100 கிராம் பச்சை இலையில் ஏறக்குறைய 90 மில்லிகிராம் இருக்கும். வேகவைத்து நீரைக் கொட்டிவிட்டால் அதில் பெரும்பாகம் போய்விடும். பாலக் கீரையில் சுண்ணச்சத்து இருந்தும், ஆக்ஸாலிக் அமிலம் அதைப் பிடித்துக்கொள்வதால் உடம்பில் சேர்வது சொற்பம். கேலில் அந்த அமிலம் மிகவும் குறைவு. அதிலுள்ள சுண்ணச்சத்து பாலிலுள்ளதற்குக் குறையாமல் உடம்பில் சேருகிறதென்று 1990-ல் நடந்த பரிசோதனை காட்டியது. 'ஏ' வைட்டமினாக மாறும் கரோட்டீன் உடலில் சேர்வதற்குக் கொழுப்பு வேண்டும். ஆகையால், எண்ணெயோ நெய்யோ சேர்த்துச் சமைத்த குடியானவர்கள் அறிவீனர்களல்லர். இரத்தம் உறைவதைத் தடுக்க வார்பரின் என்ற மருந்தை உட்கொள்கிறவர்கள், 'கே' வைட்டமின் மிகுந்த இந்தக் கீரையை வைத்தியரைக் கேளாமல் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. விளம்பரத்தை நம்பித் தினந்தோறும் பச்சையாக அரைத்துக் குடிப்பவர்களுக்கு இதைச் சொல்வார் இல்லை. பச்சையாகவே தின்ன விரும்புகிறவர்கள், இளந்தளிரைப் பொறுக்கி, நரம்பை நீக்கி, உப்பும் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் தெளித்துக் கையால் பிசைந்து கால் மணி நேரம் வைத்திருந்தால் இலை துவண்டு மெல்லுதற்குரியதாகும். இவ்விதமாக வாரத்தில் ஓரிரு நாள் உண்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை.

கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா தேசத்தில் இக்கீரைக்கு 'சுகுமா விக்கி' என்று பெயர். ஸ்வாஹிலி பாஷையில் 'வாரத்தைத் தள்ளு' என்று அர்த்தம். கையில் காசு குறையும் வாரக் கடைசியில் குடும்பத்தை நடத்திச் செல்லும் கீரை! இதைக் காட்டிலும் உண்மையான பெயர் எந்த ஆகாரத்துக்கும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, தக்காளி சேர்த்துக் குழைந்தபின், நூலாக அரிந்த இலையைப் போட்டு உப்பிட்டு, கடிபதம் இருக்கும்போதே இறக்கி, சோள மாவுக் களியுடன் உண்கிறார்கள். சந்தையில் கீரை விற்கும் ஸ்திரீகள் வாங்குகிறவர் எதிரிலேயே அதை அரிந்து கொடுப்பார்கள். 2008-ம் வருஷ ஆரம்பத்தில், தேர்தலையொட்டிய கலகத்தினால் நைரோபியில் சரக்குப் போக்குவரத்துத் தடைப்பட்டது. அதற்குப்பின், கிபேரா என்ற நெருக்கடியான குடிசைப் பகுதியில், சாக்குகளில் மண்ணை நிரப்பிப் பக்கவாட்டில் துளையிட்டு இந்தக் கீரையை நடும் வழக்கம் பரவியது. ஒரு முழ நிலங்கூட இல்லாதவர்கள் ஒரு சாக்கிலிருந்து பலமுறை இலை பறித்தார்கள்.

எனினும் இந்தச் சித்திரத்துக்கு மறுபுறமும் உண்டு. இந்தக் கீரை கென்யாவின் பூர்விகப் பயிரன்று. வெள்ளையர் காலத்தில் குடியேறியது. அதற்கு முன்பும் அந்நாட்டார் கீரையில்லாமல் இருக்கவில்லை. மணத்தக்காளிக்கு மிக நெருங்கிய 'மனாகு', தண்டுக்கீரை இனமான 'டெரெரே', நமது வயல் வரப்புகளில் தானாக முளைக்கும் நல்வேளையேயான 'சாகா' ஆகியவற்றை அவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு வந்தார்கள். ஐரோப்பியக் காய்கறிகள் சந்தையைப் பிடித்தபின் இவை களைகளென்றும், ஏழைகளின் தீனியென்றும் இகழப்பட்டன. 1963-ல் சுதந்திரம் அடைந்தபிறகும் அந்த இகழ்ச்சி உடனே நீங்கவில்லை. மேரி அபுகுட்ஸா ஒன்யாங்கோ என்ற கென்யா தேசத்துப் பேராசிரியை பல வருஷங்களாக இவற்றின் சத்தை ஆராய்ந்து, விதைகளைச் சேகரித்து, குடியானவர்களுக்குப் பயிற்சியளித்து வந்ததன் பயனாக, இப்போது அவை நைரோபியின் பெரிய கடைகளிலும் இடம்பெற்றிருக்கின்றன. ஓரிடத்தில் ஏழையைக் காக்கும் கீரை, வேறிடத்தில் ஏழையின் சொந்தக் கீரையைத் தள்ளிவிட்டு வந்து உட்காரக்கூடும். நமது பட்டணங்களில் கேலின் புகழைப் பாடுகிறவர்கள், நமது சந்தைகளில் நல்வேளையையும் மணத்தக்காளியையும் விற்கும் கிழவிகளிடம் பேரம் பேசுவதைக் கொஞ்சம் நிறுத்திக்கொண்டால் நலமாயிருக்கும்.

இதில் நமக்கு வியப்பாயிருப்பது, இந்தியாவுக்குக் கேல் புதிதென்று கூசாமல் சொல்வதே. காஷ்மீரத்தில் ஹாக் என்று வழங்கும் கீரை இந்த இனமல்லாமல் வேறென்ன? 'ஹாக்-பத்தா', அதாவது கீரையும் சோறும், என்பதே அந்நாட்டு ஏழை பணக்காரர் யாவருக்கும் அன்றாட போஜனம். ஸ்ரீநகரத்துக் கான்யார் பகுதியின் பெயரைத் தாங்கிய கான்யாரி என்ற வகையும், காவ்தாரி என்ற வகையும் பிரசித்தமானவை. தால் ஏரியில் மிதக்கும் தோட்டங்களிலும் ஹாக் பயிராகிறது. சமைக்கும் முறை இது: கடுகெண்ணெயைப் புகை வரும்வரையில் காய்ச்சி, நீரும் உப்பும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, இலைகளை அரியாமல் முழுதாகவே இளந்தண்டுடன் போட்டு, மிளகாய் இரண்டு கிள்ளிச் சேர்க்க வேண்டும். பண்டிதர் வீடுகளில் பெருங்காயமும் இடுவார்கள். நிறம் மாறாமலிருக்கப் பாத்திரத்தை மூடமாட்டார்கள். மஸாலாப் பொடிகளைக் கொட்டிக் கீரையின் மணத்தை அழிப்பதுமில்லை. வெந்தபின் இலையையும் சாற்றையும் சோற்றில் விட்டுப் பிசைந்து உண்ண வேண்டியதுதான். நமது தென்னாட்டுச் சோற்றுக்கு இதைவிடப் பொருத்தமான கேல் பக்குவம் வேறு இல்லை. கடுகெண்ணெய் வாசனை பிடிக்காதவர்கள் நல்லெண்ணெயை உபயோகிக்கலாம், காஷ்மீரிகள் மன்னிப்பார்களாக.

பயிரிடுவோர்க்கும் ஒரு வார்த்தை. கேல் முதல் வருஷத்தில் இலையைத் தந்து, ஒரு குளிர்காலம் கழிந்தபின்னரே பூத்து விதை தரும் செடி. சமவெளி வெப்பத்தில் அது பூப்பது அரிதாகையால், விதைக்குக் குளிர்ப் பிரதேசத்தையே எதிர்பார்க்க வேண்டும். அன்றியும், பக்கத்தில் முட்டைக்கோஸோ நூல்கோலோ பூத்திருந்தால், தேனீக்களின் மூலம் மகரந்தம் கலந்து வகை கெட்டுவிடும். காஷ்மீரப் பள்ளத்தாக்கில் விதைக்குரிய குளிரும் அனுபவமும் இருக்க, கடல் கடந்து வரும் பொட்டல விதையை அதிக விலைக்கு வாங்குவானேன்? நமது விவசாயக் கலாசாலைகள் கான்யாரி, காவ்தாரி முதலிய வகைகளின் விதையைத் தருவித்து நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பயிரிட்டுப் பார்த்து, முடிவைக் குடியானவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். கடைக்காரர்களும் வெறுமனே 'கேல்' என்று எழுதி விற்காமல், சுருட்டையா, கருங்கோஸா, ருஷ்ய வகையா, ஹாக்கா என்பதையும், எந்த ஊரில் விளைந்தது, எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும் என்பதையும் கட்டின்மேல் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.